இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

கோத்து முடித்த வரியைச் சரிபார்க்கக் குனிந்தபோதுதான் ஏனோக் டிரான்டர் அந்தப் பெயரைப் பார்த்தான். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் அவனுடையது. பதினான்கு வயதில் எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றவன், நடுவில் போருக்குப் போன மூன்று வருஷங்களைத் தவிர வேறெங்கும் நிற்கவில்லை. தட்டச்சுப் பிரதியிலிருந்து சொற்களை எடுத்து விரல்களுக்குக் கொடுக்கும்போது அவன் மனசு எங்கோ இருக்கும். அச்சுக்கோப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளில் ஒரு பக்கம்கூட நகராது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சிப்பாய் ஆர். ஹாலம் என்று தன் கையாலேயே கோத்து வைத்திருந்ததைக் கண்டதும் அவனுடைய வலது கை எழுத்துப் பெட்டிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

மேலேயிருந்து மறுபடி படித்தான். ஜெனரல் சர் லூஷியஸ் ஹேவர்ஸ்டாக்கின் வாழ்க்கை வரலாறு, பக்கம் இருநூற்றுப் பதினான்கு. கொக்கிக் காட்டுத் தாக்குதலை நிறுத்தச் சொல்லும் கட்டளையை ஜெனரல் காலை ஆறு ஐந்துக்கே அனுப்பிவிட்டார் என்றது புத்தகம். 'அதைக் கொண்டு சென்ற சிப்பாய் ஆர். ஹாலம் குண்டுவீச்சில் மனம் தளர்ந்து ஏதோ ஒரு குழியில் பதுங்கிக் கிடந்தான் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் ஒன்பதாம் பட்டாளம் அன்று பிழைத்திருக்கும். அந்த இழப்பை ஜெனரல் தம் இறுதி நாள்வரை மறக்கவில்லை.'

ஜெனரல் மறக்கவில்லையாம். செத்துப்போன இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இந்த வெல்பரி ஊர்க்காரர்கள். ஒரே வாரத்தில் ஒரே கடைவீதியில் வரிசையில் நின்று பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அவர்கள் பெயரெல்லாம் சந்தைச் சதுக்கத்துக் கல்லில் இருக்கிறது. அதில் ஹாலமும் ஒருவன். அந்தக் கல்லைத் திறந்துவைத்தவரே இந்த ஜெனரல்தான். வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊர்ப் பெண்கள் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். போன வருஷம் படுக்கையில் நிம்மதியாகச் செத்தார். இப்போது அவருக்குப் புத்தகம். எழுதியவர் கர்னல் ஃபென்டன். போர்க்காலத்தில் கேப்டனாக ஜெனரலின் பக்கத்திலேயே இருந்து, அவர் சொல்லச் சொல்லக் கட்டளைகளை எழுதியவர் அவர்தான்.

ஏனோக்கும் அன்று அங்கேதான் இருந்தான். பட்டாளத்தின் நிலவறையில் தொலைபேசிக் கருவியோடு உட்கார்ந்திருந்தான். எதிரியின் முள்வேலி அறுபடவே இல்லை, ஏழு மணிக்குத் திட்டமிட்டபடி கிளம்பினால் எல்லோரும் வேலியில் மாட்டிச் சாவார்கள் என்று மேஜர் சொன்ன செய்தியை ஐந்து ஐம்பதுக்கு அவன்தான் பின்னால் அனுப்பினான். 'கிடைத்தது' என்று பதிலும் வந்தது. அடுத்த நிமிஷம் குண்டு விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்துபோயிற்று. இனி பதில் வருவதானால் ஒரு ஆள் இரண்டு மைல் ஓடித்தான் கொண்டுவர வேண்டும். ஆறரை ஆயிற்று, ஆறே முக்கால் ஆயிற்று, யாரும் வரவில்லை. ஏழு மணிக்கு விசில் ஊதியது, பையன்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் போனார்கள். ரூபன் ஹாலம் நிலவறைக்குள் உருண்டு வந்து விழுந்தபோது ஏழு இருபத்தைந்து. அவன் சட்டை முழுக்கச் சேறு, ஒரு காதிலிருந்து ரத்தம். மேஜர் கட்டளையைப் படித்துவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏன் இத்தனை தாமதம் என்று பதினோரு வருஷமாக ஏனோக்குக்குத் தெரியாது. இப்போதுதான் புரிந்தது. அதையும் இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் கோத்த இதே புத்தகம்தான் சொன்னது. ஜெனரலின் பழக்க வழக்கங்களைப் பற்றிய மூன்றாம் அத்தியாயம், பக்கம் அறுபத்தொன்று. போர்முனையிலும் அவர் ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால்வரை வெந்நீரில் குளித்துச் சவரம் செய்துகொள்வார், குண்டு மழையே பொழிந்தாலும் அந்த நேரத்தில் கதவைத் தட்டும் துணிச்சல் யாருக்கும் கிடையாது, படையினர் அவரிடம் கண்ட அசையாத நிதானத்துக்கு இது ஒரு சான்று என்று கர்னல் உருகி உருகி எழுதியிருந்தார். அதைக் கோத்த அன்று அச்சுக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஏனோக்கும் சிரித்தான். சிரித்ததை நினைத்தால் இப்போது வாயெல்லாம் கசந்தது.

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நேராக மேற்பார்வையாளர் லாக்ஸ்லியிடம் போனான். லாக்ஸ்லி கெட்டவர் இல்லை. ஆனால் பெரிய மனிதர் யாராவது அச்சகத்துக்கு வந்தால் அவருடைய முதுகு தானாக வளைந்துவிடும்.

"பிரதியில என்ன இருக்கோ அதைக் கோக்கறதுதான்ப்பா உன் வேலை. சரியா தப்பான்னு பாக்கறதுக்கு நீ யாரு?"

"அங்க இருந்தவன்."

"அங்க இருந்தவங்க பாதி ஊரு இருக்கு. ஒவ்வொருத்தனும் வந்து ஒரு வரியை மாத்தச் சொன்னா புத்தகம் எப்ப வெளிய வர்றது? கர்னல் சும்மா எழுதல, ஏனோக். எழுதினதையெல்லாம் பழைய அதிகாரிங்க பதினஞ்சு பேருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லி, அவங்க ஒத்துக்கிட்ட பிறகுதான் இங்க கொடுத்திருக்காரு."

"அந்தப் பதினஞ்சு பேர்ல நிலவறையில இருந்தவங்க எத்தனை பேருங்க?"

லாக்ஸ்லி மேசையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். நிலவறையில் இருந்த அதிகாரிகள் எல்லோரும் சாயங்காலத்துக்குள் செத்துப்போனார்கள். உயிரோடு வந்தவர்கள் சாதாரணச் சிப்பாய்கள். அவர்களுக்கு யாரும் அத்தியாயத்தை அனுப்பிக் கருத்துக் கேட்பதில்லை. அந்த நாட்டில் சரித்திரம் அதிகாரிகளுக்குள்ளேயே எழுதப்பட்டு, அதிகாரிகளுக்குள்ளேயே திருத்தப்பட்டு, பிறகு தோல் அட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வரும்.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அச்சுக்கோப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்றாலும் பிழை திருத்துபவருக்கு ஒரு உரிமை உண்டு. மெய்ப்புத் தாளின் ஓரத்தில் சந்தேகக் குறி போட்டு ஒரு கேள்வி எழுதலாம். எழுதினால் ஆசிரியர் அதற்குப் பதில் எழுதாமல் தாள் இயந்திரத்துக்குப் போகாது. பிழை திருத்தும் பெர்கின், கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுவதும் இருமிக்கொண்டே இருக்கும் ஒல்லியான மனிதர், ஏனோக் சொன்னதை எல்லாம் கேட்டார். பென்சிலைச் சீவினார். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: 'ஆறு ஐந்துக்குக் கட்டளை கொடுத்தது சரிதானா? பக்கம் அறுபத்தொன்றைப் பார்க்கவும்.'

"நான் எதையும் குத்தம் சொல்லலப்பா," என்றார் பெர்கின். "ஒரு மனுஷன் ஒரே நேரத்துல தொட்டியிலயும் மேசையிலயும் இருக்க முடியுமான்னு மட்டும் கேட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை மெய்ப்பு திரும்பி வந்தது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில், பெர்கினின் கேள்விக்குப் பக்கத்தில், ஊதா மையில் 'உள்ளபடியே இருக்கட்டும்' என்று எழுதியிருந்தது. அத்தோடு விட்டிருந்தால்கூட, கர்னலுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை, வயசாகிவிட்டது என்று ஏனோக் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பான். ஆனால் கர்னல் அறுபத்தொன்றாம் பக்கத்தையும் திருத்தியிருந்தார். ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் என்பதை அடித்துவிட்டு, ஐந்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் என்று மாற்றியிருந்தார். ஊதா மையில், நடுங்காத கையெழுத்தில், செத்தவரின் குளியலை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தியிருந்தார்.

அந்தத் திருத்தத்தைச் செய்யும் வேலை யாருக்கு வந்தது? அந்தப் பக்கத்தைக் கோத்தவனுக்குத்தான். அச்சுக்கூடத்தின் வழக்கம் அது. ஏனோக் இடுக்கியை எடுத்து 'ஆறு' என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கினான். 'ஐந்து' என்பதற்கான எழுத்துகளைப் பெட்டியில் தேடி எடுத்து அந்த ஓட்டையில் செருகினான். பொய் சொல்வதற்குக் கர்னலுக்கு ஒரு பேனா போதும், ஆனால் அதை ஈயத்தில் நிற்கவைக்க இவனுடைய விரல் வேண்டியிருக்கிறது. விரலை வெட்டிப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் அடுத்த மேசைக்காரன் செருகியிருப்பான், புத்தகம் அதே தேதியில் வெளிவந்திருக்கும்.

அவனை வதைத்தது இன்னொன்று. மாடியில் பைண்டிங் அறை. அச்சடித்த பெரிய தாள்களைப் பெண்கள் நீள மேசைகளில் வைத்து, எலும்புத் தகட்டால் அழுத்தி அழுத்தி மடிப்பார்கள். ஜன்னலோர மேசையில் ஆறு வருஷமாக மடித்துக்கொண்டிருப்பவள் ஹெஸ்டர், ரூபன் ஹாலத்தின் மனைவி. வியாழக்கிழமை கர்னல் நேரில் வந்து கையெழுத்துப் போடுவார். உடனே அச்சு ஓடும். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பக்கம் இருக்கும் தாள் அவள் மேசைக்கு வரும். ஆயிரத்து ஐந்நூறு பிரதி. தன் புருஷன் பதுங்கிக் கிடந்தான் என்ற வரியை அவள் தன் கையாலேயே ஆயிரத்து ஐந்நூறு முறை மடிப்பாள். அப்புறம் தேவாலயத் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவாள். அந்தத் தெருவில் பதினொரு வீட்டுப் பையன்கள் கொக்கிக் காட்டில் செத்திருக்கிறார்கள். 'அவன் போய்ச் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்' என்று அச்சில் வந்த பிறகு, அந்தப் பதினொரு வீட்டு அம்மாக்களும் அவளை என்ன கண்ணால் பார்ப்பார்கள்?

புதன்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மாடிப்படியில் உட்கார்ந்து ரொட்டியும் குளிர்ந்த பன்றிக் கறியும் தின்றுகொண்டிருந்த ஹெஸ்டரிடம் அவன் போனான். மெய்ப்பின் ஒரு நகலை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தான். அச்சகத்திலிருந்து மெய்ப்பை வெளியே காட்டினால் சீட்டுக் கிழியும். தெரிந்தேதான் காட்டினான்.

அவள் மெதுவாகப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் முகம் சிவந்ததே தவிர கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"கட்டளையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டுத் திரும்பறப்ப செத்தாருன்னு சொன்னியே?"

"ஆமா. அதுதான் நிஜம்."

"நேரம் ஆயிடுச்சுன்னு சொல்லலையே நீ. பதினோரு வருஷமா என் வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிக்கற. ஒரு நாளாவது சொன்னியா?"

"அவன் மேல தப்பு இல்ல, ஹெஸ்டர். அவனை அனுப்பினதே லேட்டு. நான் சொன்னா நீ வேற மாதிரி நினைப்பியோன்னு பயந்தேன்."

"நீ பயந்த. அந்த ஆளு பயப்படல பாரு, அச்சுப் போடறான்." ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும் லேட்டா அனுப்பினாங்கன்னு? நீ இந்தப் பக்கம் இருந்த. அவங்க அந்தப் பக்கம் இருந்தாங்க. நான் நம்பறேன், சரி. ஊரு நம்புமா? கர்னல் பேச்சா, அச்சுக்கோக்கறவன் பேச்சா?"

குளியலைச் சொல்லலாம் என்றால் அதையும் தன் கையாலேயே மாற்றிக் கொடுத்துவிட்டான். அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவாவது வேண்டும் என்று தோன்றியது, சொன்னான். ரூபன் உள்ளே விழுந்ததை, காதில் ரத்தம் வந்ததை, தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்று தலையாட்டியதை. கடைசியில், "மேஜர் உறையில நேரம் போட்டுக் கையெழுத்து வெச்சுக் கொடுத்தாரு. அதை வாங்கிப் பையில வெச்சுக்கிட்டு உடனே கிளம்பிட்டான். கொஞ்சம் இருந்துட்டுப் போடான்னு நான்தான் சொன்னேன்," என்றான்.

ஹெஸ்டர் தலையைத் தூக்கினாள். "என்ன உறை?"

"கட்டளை வந்த உறை. அனுப்பறவரு அது மேல அனுப்பின நேரத்தை எழுதுவாரு. வாங்கறவரு வாங்கின நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு உறையைத் திருப்பிக் கொடுத்துடுவாரு. கொண்டுபோய்ச் சேர்த்தேன்கறதுக்கு அதுதான் அத்தாட்சி. அது இல்லாம திரும்பிப் போனா ஓடினவனை விட மாட்டாங்க..." சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பழுப்பு உறையா?" என்றாள். "சின்னதா? உள்ள ஒண்ணும் இல்லாம?"

பட்டாளத்திலிருந்து ரூபனின் சாமான்கள் வந்தபோது ஒரு புகைக்குழாய், கத்தி, அவளுடைய போட்டோ, அவற்றோடு வெறும் உறை ஒன்றும் இருந்தது. ஒரு ஓரம் கறை. மேலே பென்சிலில் என்னவோ எண்கள். பட்டாளத்துக் கிறுக்கல் என்று நினைத்தாள். தனக்குக் கடிதம் எழுதத்தான் எங்கிருந்தோ ஒரு உறையை எடுத்துவைத்திருக்கிறான், எழுதுவதற்குள் செத்துவிட்டான் என்று பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். பைபிளுக்குள் வைத்திருந்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, என்ன எழுதியிருப்பான் என்று யோசித்துப் பார்ப்பாள். தேவாலயத் தெருப் பெண்களில் கடிதமே இல்லாத உறையை வைத்துக்கொண்டு அழுதவள் அவள் ஒருத்திதான். இதை அவள் ஏனோக்கிடம் சொல்லும்போது குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை. அந்தக் கடிதமும் இல்லை என்று ஆகிவிட்ட கோபம்தான் குரலில் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கர்னல் ஃபென்டன் வந்தார். நல்ல உயரம், நல்ல கம்பளிக் கோட்டு, சட்டைப் பையில் ஊதாப் பேனா. லாக்ஸ்லி தன் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டார். மேசையில் தாள்களை விரித்தார்கள். திருத்தம் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்டால் காட்டுவதற்காக ஏனோக்கும் சுவரோரம் நின்றான். அதுவும் வழக்கம்தான். கர்னல் ஒவ்வொரு தாளின் மூலையிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.

"சந்தேகம் எழுப்பினது யாரு?" என்று தாளிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"பிழை திருத்தறவருங்க ஐயா," என்றார் லாக்ஸ்லி. "கொஞ்சம் அதிகப்படியா கேட்டுடுவாரு."

"பரவாயில்ல. நல்ல வேலைக்காரர். ஆனா தன் வேலையோட நிக்கணும்."

"நான்தாங்க எழுதச் சொன்னேன்," என்றான் ஏனோக். "ஒன்பதாம் பட்டாளம். அஞ்சு அம்பதுக்குச் செய்தி அனுப்பினவன்."

கர்னல் இப்போது நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. அந்த மாதிரி ஆட்கள் சட்டென்று கோபப்பட மாட்டார்கள். "அப்படியா. நல்லது. அன்னைக்கு நீங்கள்லாம் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன். ஜெனரலோட மனைவி உயிரோட இருக்காங்க. எண்பது வயசு. ஒரு புத்தகம்னா அதுல வாழ்க்கை மொத்தமும் ஒழுங்கா வந்து நிக்கணும். உனக்குச் சங்கடமா இருந்தா, பேரை எடுத்துடலாம். 'ஒரு சிப்பாய்'னு போட்டுக்கலாம். போதுமா?" ஏதோ தானம் கொடுப்பதுபோல் பேனாவை எடுத்து, ஹாலம் என்ற பெயரின் மேல் கோடு போடக் குனிந்தார்.

"வேண்டாங்க," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "பேரு இருக்கட்டும்."

ஹெஸ்டர் இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு நின்றிருந்தாள். அவள் பின்னால் மடிப்பு மேசைப் பெண்கள் நான்கைந்து பேர், தேவாலயத் தெருக்காரிகள். அவர்களுக்குப் பின்னால் இயந்திர அறை ஆட்கள், மை படிந்த கையோடு. இருமலை அடக்கிக்கொண்டு பெர்கினும் நின்றார். லாக்ஸ்லி எழுந்து, "என்ன இது, வேலை நேரத்துல..." என்று ஆரம்பித்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"இவங்க யாரு?" என்றார் கர்னல்.

"பதுங்கிக் கிடந்தாருன்னு எழுதியிருக்கீங்களே, அவரோட பொஞ்சாதி." அவள் உள்ளே வந்து, ஏப்ரன் பையிலிருந்து உறையை எடுத்து, கையெழுத்துப் போட்ட தாளின் மேலே வைத்தாள். "இதை அவரு செத்த பிறகு எனக்கு அனுப்பினாங்க. எனக்குப் பட்டாளத்துக் கிறுக்கலெல்லாம் படிக்கத் தெரியாது. கீழ இருக்கறது மேஜர் எழுதினதுன்னு ஏனோக் சொல்றான். மேல இருக்கற நேரம் யாரு எழுதினது, ஐயா?"

கர்னல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைக் கையில் எடுத்தார். ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். சுவரோரத்திலிருந்து ஏனோக் அதைப் பார்த்தான். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் யாருடையது என்று கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. மேசையில் விரித்திருந்த தாள்களின் ஓரங்களிலெல்லாம் ஊதா மையில் அதே எழுத்து இருந்தது. அதே சாய்வு, ஐந்து என்ற இலக்கத்தின் தலையில் அதே நீட்டிய கோடு.

"ரொம்ப நாளாச்சும்மா," என்றார் கர்னல். "அந்தக் காலத்துல கடிகாரங்கள்..."

"படிங்க, ஐயா."

"இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா..."

"இங்கயே படிங்க. சத்தமாப் படிங்க. இவங்களும் கேக்கட்டும். இவங்க வீட்டுலயும் ஆளு போயிருக்கு."

கர்னல் வாசலைப் பார்த்தார். யாரும் வழிவிட்டு நிற்கவில்லை. கீழே அச்சு இயந்திரம் நின்றுபோயிருந்தது, யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. அவர் உறையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். உதடு அசைந்தது. "ஆறு," என்றார். 'ஐம்பது' வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. உறையைக் கீழே வைக்காமலே, மேசையில் தண்ணீர் இருக்கிறதா என்று மறு கையால் தடவினார். ஜாடி காலியாக இருந்தது. லாக்ஸ்லி ஏனோக்கைப் பார்த்தார், ஏனோக் வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். தண்ணீர் கொண்டுவர யாரும் போகவில்லை.